மூன்று பூட்டுக் கூடம்

தலைவர் பதவிக்கு மூன்று பேர் நின்றார்கள். முதல் ஆளுக்கு யார் யார் ஆதரவு, கை தூக்குங்கள் என்றேன். அத்தனை பேரும் தூக்கினார்கள். அப்பாடா, சண்டையில்லாமல் முடிந்தது என்று சந்தோஷப்பட்டு, முறைக்காக இரண்டாவது ஆளுக்கும் கேட்டேன். அதற்கும் அத்தனை கைகளும் மேலே போயின. மூன்றாவது ஆளுக்கும் அதேதான். போட்டியிட்ட மூவருமே ஒருவருக்கொருவர் கை தூக்கிக்கொண்டார்கள். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் குழந்தையின் கையையும் சேர்த்துத் தூக்கிக் காட்டினாள்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். வீட்டில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

"ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் கை தூக்கணும். இது என்ன விளையாட்டா?" என்று கத்தினேன்.

மூன்று வேட்பாளர்களில் ஒருவரான பூக்காரம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "கோச்சுக்காதீங்க மேடம். ஆளு எதிர்லயே நின்னுகினு கீறாங்க. மூஞ்சிக்கு நேரா எப்டி கை தூக்காம இருக்கறது? மனசு கஷ்டப்படாதா?"

சரி, ரகசியமாகச் சீட்டில் எழுதிப் போடுங்கள் என்றேன். அதற்கு எல்லோருமாகச் சேர்ந்து மறுத்தார்கள். சீட்டு போட்டால் யார் நமக்குப் போடவில்லை என்று ஆயுசுக்கும் சந்தேகம் வரும், பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்க முடியாது என்றார்கள். யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஒரு தலைவர் கேட்ட ஆபீஸுக்கு மூன்று தலைவர்களோடு நான் எப்படிப் போவது?

நான் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் சமுதாய அமைப்பாளர். பேர்தான் பெரிது. ஸ்கூட்டரில் சுற்றி ஆட்களைக் கூட்டி, அவர்களுக்குள்ளேயே பொறுப்பு எடுத்துக்கொள்கிறவர்களை உருவாக்குவது வேலை. நான் இருப்பது சிட்லபாக்கத்தில். எங்கள் தெருவுக்கு அமைப்பாளரே தேவையில்லை. ரிட்டயரான சார்கள் காலையில் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்த இடத்திலேயே தீர்மானம் போட்டுவிடுவார்கள். மேடவாக்கம் தாண்டி, பெரும்பாக்கம் போகிற வழியில் எனக்குக் கொடுக்கப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு வேறு மாதிரி. நகரத்தின் ஆற்றங்கரையிலிருந்தும் கடலோரத்திலிருந்தும் ரயில் பாதை ஓரத்திலிருந்தும் அகற்றப்பட்டவர்களுக்கு அங்கே குலுக்கல் முறையில் வீடு கொடுத்திருந்தார்கள். ஒரு மாடியில் தெலுங்கு கேட்கும், அடுத்த மாடியில் ஜெபம் கேட்கும். பழைய அக்கம்பக்கம் எங்கோ சிதறிப் போக, புது அக்கம்பக்கத்தை யாரும் நம்பவில்லை.

கட்டடங்களுக்கு நடுவில் ஒரு சமுதாயக் கூடம் இருந்தது. கட்டிய நாளிலிருந்து பூட்டியே கிடந்தது. குடியிருப்பவர்கள் குழு அமைத்து, ஒரு தலைவரையும் காட்டினால் கூடம் அவர்கள் பொறுப்பில். இல்லாவிட்டால் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் கொசு மருந்து மெஷினும் வைக்கிற குடோன். எங்கள் அதிகாரிக்குக் குடோன் மேல்தான் ஆசை. "எதுக்கு மேடம் ரிஸ்க்? சாவியக் கொடுத்தா மறுநாளே சண்டை வரும்" என்பார்.

ஆற்றங்கரையிலிருந்து வந்த பூக்காரம்மாவுக்கோ அந்தக் கூடம் வேண்டும், வேண்டவே வேண்டும். காரணத்தை என்னைப் பார்த்த முதல் நாளே சொன்னார். அவர் மகளுக்கு ஒரு வரன் ஏறக்குறைய முடிந்திருந்தது. பையன் வீட்டார் முகவரி கேட்டார்கள். குடியிருப்பின் பேரைச் சொன்னதும் "ஓ, அங்கேயா" என்றார்கள். அப்புறம் போனே எடுக்கவில்லை. அந்தப் பெண் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

"இனிமே வர்ற சம்பந்தம் எதுவா இருந்தாலும், கல்யாணம் இங்கதான் மேடம். வேற எங்கயோ மண்டபம் புடிச்சி, மூஞ்ச மறைச்சிகினு பண்ண மாட்டேன். அவங்க இங்க வரட்டும். ஒக்காந்து சாப்ட்டுப் போவட்டும். எம் பொண்ணு எங்க கீறாளோ அங்க வந்து கட்டிகினு போவட்டும்."

அவரோடு போட்டியிட்ட மற்ற இருவரில் ஒருவர் கடலோரத்திலிருந்து வந்த ஆட்டோ அண்ணன். பேச ஆரம்பித்தால் மீட்டர் நிற்காது. இன்னொருவர் சபை அக்கா. ரயில் பாதை ஓரத்துக்காரர், சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. பெந்தெகொஸ்தே சபை, வெள்ளைப் புடவை, மூக்குத்தி கிடையாது, தலையில் பூவும் கிடையாது. பூக்காரம்மாவுக்கும் இவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. ஆடி மாதத்து அம்மன் ஸ்பீக்கர் இவர் ஜன்னலுக்கு நேரே கட்டப்பட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்து டிரம்ஸ் அவர் தலைக்கு மேலே அடித்தது. யார் முதலில் ஆரம்பித்தது என்று கேட்டால் இரண்டு பேரும் எதிர்ப்பக்கம் கை காட்டுவார்கள்.

சாவியை யாரிடம் கொடுப்பது என்று, எல்லோருக்கும் கை தூக்கிய அன்று சாயங்காலம்வரை வாக்குவாதம். ஆற்றங்கரைக்காரரிடம் கொடுத்தால் கடலோரத்துக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, கடலோரத்துக்காரர் என்றால் ரயில் பாதைக்காரர் முறைத்தார். கடைசியில் பூக்காரம்மாதான் கேட்டார்.

"கோயில் உண்டிக்கு ஒரு பூட்டா போடறாங்க? ஆளுக்கு ஒண்ணு போட்டுக்குவோம். மூணு பேரும் வந்தாத்தான் கதவு தொறக்கணும்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் ஒரு எதிர்ப்புக் குரல்கூட எழவில்லை. மறுநாளே கதவில் மேலும் இரண்டு நாதாங்கிகள் அடிக்கப்பட்டு, மூன்று பூட்டுகள் வரிசையாகத் தொங்கின. யாரும் யாரிடமும் சாவியைக் கொடுக்கக்கூடாது என்று மூவரிடமும் சத்தியம் கேட்டேன். பூக்காரம்மா அம்மன் மேல் சத்தியம் செய்தார், ஆட்டோ அண்ணன் ஹேண்டில்பார் மேல் செய்தார். "நாங்க சத்தியம் பண்றதில்ல மேடம்" என்று சபை அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்தார். "ஒரு தலைவரே இன்னும் உருப்படியா கிடைக்கல. நீங்க மூணு பேரைக் கூட்டிட்டு வர்றீங்க. சரி, தை மாசம் வரைக்கும் பார்ப்போம். பூட்டு உடைஞ்சதுன்னு ஒரு கம்ப்ளைன்ட் வந்தாலும் சரி, ப்ரொசீஜர் தப்பினாலும் சரி, அப்புறம் குடோன்தான். என்னைக் கேட்கக்கூடாது."

தாம்பரத்தில் ஒரு ஹாலில் தலைமைப் பயிற்சி நடத்தினோம். பயிற்சி கொடுக்க வந்தவர் நல்ல மனிதர். உங்கள் பகுதியின் பலம் என்ன என்று கேட்டார். "எட்டு மாடிக்கும் சிலிண்டர் தூக்குவோம் சார்" என்றார் ஆட்டோ அண்ணன். சமோசா வந்த பிறகு எல்லோரும் கொஞ்சம் உற்சாகமானார்கள். எனக்குத் தெரிந்து அந்த ஹாலில் கிடைத்த பலன் அதுதான்.

மிச்சப் பயிற்சி முழுக்க கூடத்து வாசற்படியில் நடந்தது. சாயங்காலம் பிள்ளைகள் பாடம் படிக்கக் கூடம் திறக்க வேண்டும். மூவரில் ஒருவராவது தாமதமாக வருவார். மற்ற இருவரும் படியில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். முதலில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பூக்காரம்மா சும்மா உட்காரமாட்டார், மடியில் மல்லி மொட்டைக் கொட்டித் தொடுத்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் நான் போனபோது சபை அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மொட்டுகளை இரண்டிரண்டாக எடுத்து அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இன்னொரு நாள் அவரே நாரை வாங்கித் தொடுத்துக்கொண்டிருந்தார். தலையில் பூ வைக்காத அக்கா கட்டிய சரத்தைத் தாம்பரம் மார்க்கெட் வாசலில் எத்தனை பேர் வாங்கி வைத்துக்கொண்டார்களோ.

காத்திருக்கும் நேரத்தில் பேசாமல் எப்படி இருப்பது? ஓடாத லிஃப்டைப் பற்றிப் பேச்சு வந்தது. மூவரும் சேர்ந்து போய் உரிய அலுவலகத்தில் நின்றார்கள். ஆட்டோ அண்ணன் மரியாதையாகப் பேசினார், பூக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார், சபை அக்கா ஒன்றும் பேசாமல் அசையாமல் நின்றார். மூன்றாவதுதான் வேலை செய்தது என்று பின்னால் சொல்லிச் சிரித்தார்கள். லிஃப்ட் ஓடியது. அதன் பிறகு பஸ் நிறுத்தத்துக்கு விளக்கு வந்தது. அம்மன் ஸ்பீக்கர் வேறு பக்கம் திரும்பியது. டிரம்ஸ் கூடத்துக்குள் இடம் மாறியது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. போகிற இடமெல்லாம் மூன்று பூட்டுக் கதைதான். வேறு ஊர்களிலிருந்து வந்த அதிகாரிகளை வேனில் கூட்டிப் போய்க் காட்டினேன். மூவரும் மூன்று பக்கத்திலிருந்து வருவார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பூட்டைத் திறப்பார்கள். வந்தவர்கள் கை தட்டுவார்கள். நான் பெருமையில் மூச்சு முட்ட நிற்பேன்.

ஐப்பசி மழையில் தரைத்தளத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மேடவாக்கத்தைத் தாண்ட முடியாமல் நான் வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன். அவர்களே கூடத்தைத் திறந்து, எல்லோரையும் உள்ளே தங்கவைத்து, சமைத்தும் போட்டார்கள். போனில் கேட்டு நெகிழ்ந்து போனேன். தண்ணீரில் ஆட்டோ எங்கோ நின்றுவிட்டது என்று ஆட்டோ அண்ணன் சொன்னது காதில் விழுந்தது. அதைப் பற்றி மேலே யோசிக்கவில்லை.

தை மாதத்தில் பூக்காரம்மா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பையன் பல்லாவரத்தில் மெக்கானிக். அம்மா இல்லாத அவனை வளர்த்தது அவன் அத்தை. அந்த அத்தைக்கு இடம் பிடிக்கவில்லை. மாடம்பாக்கம் கோயிலில் தாலி கட்டி அங்கேயே சாப்பாடு போடலாமே என்று கேட்டுப் பார்த்தார். பூக்காரம்மா மசியவில்லை. "சரி, வந்து பாக்கறேன். ஏதாவது ஒண்ணு சரியில்லன்னாலும் வண்டியத் திருப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டாராம் அத்தை. அதை என்னிடம் சொன்னபோது பூக்காரம்மாவின் குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

கல்யாணத்தன்று விடிந்தும் விடியாமலும் போய்ச் சேர்ந்தேன். வாசலில் வாழைமரம், சீரியல் விளக்கு, பந்தலுக்குப் பின்னால் பொங்கல் வாசனை. முந்தின நாள் அலங்காரம் முடித்துக் கூடத்தைப் பூட்டியிருந்தார்கள். இப்போது இரண்டு பூட்டுகள் கழன்றிருந்தன. மூன்றாவது, ஆட்டோ அண்ணனுடையது, அப்படியே தொங்கியது.

"அண்ணன் எங்கே?"

"நாலாவது மாடிப் பொண்ணுக்கு வலி வந்திருச்சு மேடம். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிட்டாரு. போன வூட்லயே வெச்சிட்டுப் போயிட்டாரு" என்றார் சபை அக்கா.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. மேளக்காரர்கள் இறங்கினார்கள், மாப்பிள்ளை இறங்கினான். அத்தை இறங்கவில்லை. ஜன்னல் வழியாகப் பூட்டைப் பார்த்தார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுத்தியல் கேட்கலாமா என்று நினைத்தேன். பூட்டை உடைத்தால் கூடம் குடோனாகிவிடும். உடைக்காவிட்டால் வேன் திரும்பிவிடும். போதாக்குறைக்கு பூக்காரம்மா எங்கள் அதிகாரியையும் டிபனுக்கு அழைத்திருந்தார். "இன்னிக்குப் பார்த்தா போனை மறப்பாரு அந்த மனுஷன்? ஒரு பொறுப்பு வேண்டாம்?" என்று கதவுக்கு முன்னால் நின்று பொரிந்து தள்ளினேன்.

பெண்ணைப் பெற்ற பூக்காரம்மா ஆடாமல் அசையாமல் நின்றார். "மேடம், நீங்க ஏன் டென்ஷன் ஆவறீங்க? போயி காபி ஆச்சான்னு பாருங்க."

"காபியா இப்ப முக்கியம்?"

"அப்ப சந்தனத்த எடுத்துகினு வாங்களேன், எங்க வூட்ல கீது" என்றார் சபை அக்கா. சந்தனத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இடத்தை விட்டு நகர மாட்டேன், திறக்கும்வரை இங்கேயே நிற்பேன் என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பூக்காரம்மா என் தோளைத் தொட்டு, கெஞ்சலாகச் சொன்னார். "மேடம், அந்தம்மா வண்டிலயே ஒக்காந்துகினு கீறாங்க. நீங்க ஆபீஸ் ஆளு. நீங்க போயி பேசினா எறங்குவாங்க. எனக்காகப் போங்க மேடம்."

அதற்கு மேல் என்னால் மறுக்க முடியவில்லை. ஒரு டம்ளர் காபியோடு வேனில் ஏறினேன். அத்தை வாங்கிக்கொண்டார், சிரிக்கவில்லை. "பூட்டி வெச்சிருக்காங்களே, என்ன மரியாதை இது?" என்றார். நான் இந்த ஆறு மாதக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். எல்லோருக்கும் கை தூக்கியதைச் சொன்னேன். முதல்முறையாக அவர் உதட்டோரம் அசைந்தது. "எங்க தெருவுல ஒருத்தனுக்கும் தூக்க மாட்டானுங்க" என்றார். அப்போது மேளம் கொட்டியது. திரும்பிப் பார்த்தேன். கூடத்தின் கதவு விரியத் திறந்திருந்தது.

அத்தை காபியை முடித்துவிட்டு நிதானமாக இறங்கினார்.

தாலி கட்டும்போது பூக்காரம்மா அழுத அழுகையில் மேளச் சத்தமே அடங்கிவிட்டது. சபை அக்கா வெளியே நின்று கண்ணை மூடி ஜெபித்தார். கெட்டிமேளம் முடிந்ததும் உள்ளே வந்து பந்தியை எடுத்துக்கொண்டார். அவர் பரிமாறியதில் ஒரு இலையிலும் எதுவும் தீரவில்லை. அதிகாரியும் வந்து சேர்ந்து கை கழுவப் போனார். நான் இலையில் உட்கார்ந்ததும் பூக்காரம்மாவைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"உண்மையைச் சொல்லுங்க. யார் திறந்தது?"

அவர் பந்தியில் நின்ற சபை அக்காவைப் பார்த்தார். சபை அக்கா சாம்பார் வாளியைப் பார்த்தார். பிறகு மெதுவாக வந்தது. பூட்டு வாங்கினால் இரண்டு சாவி தருவார்கள் அல்லவா? அது எங்கள் யாருக்கும் முதலில் உறைக்கவில்லை. அந்த மழையில் ஆட்டோ அண்ணன் எங்கோ மாட்டிக்கொள்ள, குழந்தைகளோடு வெகுநேரம் நனைந்துகொண்டு நின்றார்கள். அவர் தண்ணீரில் நடந்தே வந்து திறந்த பிறகு, அன்றைக்கே மூவரும் இரண்டாவது சாவிகளை மாற்றிக்கொண்டார்கள். அண்ணனுடையது சபை அக்காவிடம், அக்காவினுடையது பூக்காரம்மாவிடம், பூக்காரம்மாவினுடையது அண்ணனிடம். யாராவது இரண்டு பேர் இருந்தால் கதவு திறக்கும். நான் வந்தால் மட்டும் மூவரும் மூன்று பக்கத்திலிருந்து வருவார்கள்.

"சத்தியம் பண்ணீங்களே."

"அம்மன் கிட்ட சொல்ட்டேன் மேடம்" என்றார் பூக்காரம்மா.

"நான் தலையத்தான் ஆட்டினேன்" என்றார் சபை அக்கா, என் இலையில் ஒரு வடையை வைத்தபடி.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இன்னிக்கு என் உயிரே போய் வந்துச்சு."

"எப்டி மேடம் சொல்றது? மூணு பூட்டு, மூணு பூட்டுன்னு எவ்ளோ ஆசையா எல்லாரையும் இட்டுகினு வருவீங்க. மூஞ்சிக்கு நேரா போயி அது சும்மானு சொன்னா, உங்க மனசு கஷ்டப்படாதா?"

இத்தனை மாதமாக எனக்கும் சேர்த்துக் கை தூக்கியிருக்கிறார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது. பொங்கலில் மிளகு தூக்கல் என்று சொல்லிச் சமாளித்தேன். கோபம் வருமென்று காத்திருந்தேன், வரவேயில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதிகாரி வந்து என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். கேசரியில் கை வைக்கும் நேரம், ஆட்டோ அண்ணன் வாசலில் ஓடி வந்து நின்றார். சட்டையெல்லாம் வேர்வை, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த கையில் சாவி.

"பொண்ணு பொறந்திருச்சு! மன்னிச்சுக்கங்க மேடம், சாவி என்னான்ட மாட்டிகிச்சு, என்னாலதான் எல்லாம் பேஜாரு..." என்று எனக்காக வழக்கமான நாடகத்தை ஆரம்பித்தவர், நிறைந்திருந்த பந்தியையும், அதிகாரியையும், திறந்திருந்த கதவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் கை மெல்லக் கீழே இறங்கியது.

அதிகாரி இலையிலிருந்து தலையை நிமிர்த்தினார். "சாவி இவர் கையில இருக்கு. அப்ப பூட்டை யார் திறந்தது? மேடம்?"

பூக்காரம்மா மணமேடையில் இருந்த மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மூணு பேரும் சேர்ந்துதான் சார் திறந்தாங்க" என்றேன்.

"மூணு பேருமா? இவர் இப்பத்தானே வர்றார்? யார் பார்த்தது?"

நான் கையைத் தூக்கினேன். சபை அக்கா கரண்டியோடு தூக்கினார். அப்புறம் அந்த வரிசை, எதிர் வரிசை, மேளக்காரர்கள், மாப்பிள்ளையின் நண்பர்கள் என்று பந்தி முழுக்கக் கைகள் எழுந்தன. சாப்பிட்டுக்கொண்டிருந்த கை அத்தனையும் சோற்றுக் கை. அதிகாரி அவற்றையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, "சரி, சரி, சாப்பிடுங்க" என்று கேசரிக்குத் திரும்பினார். எதிர் வரிசையின் நடுவில் மாப்பிள்ளையின் அத்தையும் கை தூக்கியிருந்தார், முழங்கை வரை சாம்பார் வழிய.